வரிசை தப்பிய நாலு நாற்பது

வியாழக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு லிஃப்ட் கம்பெனியின் மாடி அறையில் ஆறு பேர் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு மணி நேரம் கழித்து அவர்களில் ஒருவர்கூட அதே இடத்தில் இருக்கவில்லை.

ஜன்னலோரம், கையில்லாத மரநாற்காலியில் இன்ஸ்பெக்டர். மடியில் லத்தி. அதன் நுனியில் காய்ந்திருந்த பழுப்புக் கறை, லாக்கப்பில் கிடக்கும் காவலாளியின் வாயிலிருந்து வந்தது.

சுவரோர பெஞ்சின் இடது முனையில், திங்கட்கிழமை கொலையான பெரிய முதலாளியின் மனைவி. தரையில் விரித்திருந்த சாக்கைப் பார்க்காமல் இருப்பதற்காக உடம்பைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். சாக்குக்கு அடியில் கணவரின் ரத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

பெஞ்சின் வலது முனையில் அந்த அம்மாவின் தம்பி. ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அவர் சின்ன முதலாளி. வேலையிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் என்பதால் முழங்கை வரை கிரீஸ். அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு விரல்களில் மட்டும் வெள்ளைத் துணிக்கட்டு.

கம்ப்யூட்டர் முன்னால் கம்பெனியின் டைப்பிஸ்ட். லாக்கப்பில் கிடக்கும் காவலாளியின் ஒரே மகள்.

கதவை அடைத்தபடி ஸ்பேனர் பெட்டியின் மேல் கோந்து. பழைய குத்துச்சண்டைக்காரன். ஒட்டிக்கொண்டால் விடமாட்டான் என்பதால் வந்த பெயர். மதியம் ஒன்றரை மணிக்கு இதே அறைக்கு வெளியே காவலுக்கு நின்றவனின் தலையில் யாரோ சாக்கைக் கவிழ்த்து, இரும்புக் குழாயால் நாலு சாத்து சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் பேச்சு எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

பெரிய முதலாளியின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சார்ட்டிங்கம்மா வந்து தூசி தட்டி உட்கார்ந்தார். தபால் ஆபீஸ் சார்ட்டிங் அறையில் முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். கோந்து அவருக்கு உதவியாளன்.

"மேடம், ஒண்ணே முக்கால் மணி நேரம்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆறு மணிக்கு அவனை நீதிபதி முன்னால நிறுத்தணும். வேற காகிதம் எதுவும் வரலேன்னா கொலைக் கேஸ்தான். அவன் வெளியில வர மாட்டான்."

டைப்பிஸ்ட் திரும்பிப் பார்த்தாள். "காலைல அப்பாவைப் பாத்தேன் சார். பல்லு பிடுங்கின பக்கத்துலயே அடிச்சிருக்கீங்க."

"எந்தப் பக்கம்னு போர்டா மாட்டியிருந்தான்?"

"மாட்டியிருந்தா அதாலயும் ஒண்ணு போட்டிருப்பீங்க" என்றான் கோந்து. இன்ஸ்பெக்டரின் லத்தி மடியிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி, பிறகு இறங்கியது.

சார்ட்டிங்கம்மா நோட்டைத் திறந்தார். "நடந்ததை ஒரு தடவை வரிசையா சொல்லிடறேன். தப்புன்னா நிறுத்துங்க."

யாரும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை மதியம் மூணு பத்துக்கு, தூரத்தில் ஒரு கட்டடத்துக்கு உதிரிபாகம் கொண்டுபோகச் சொல்லி டைப்பிஸ்டை அனுப்பினார் சின்ன முதலாளி. மூணு முப்பத்தஞ்சுக்கு அவரும் கிளம்பினார். நாலு மணியிலிருந்து ஐந்து வரை வேறொரு கட்டடத்தில் நாலு பேருக்கு நடுவே லிஃப்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். காவலாளி பல் மருத்துவரிடம் போய்விட்டு நாலு மணிக்குத்தான் வேலைக்கு வந்தார். நாலு நாற்பதுக்குப் பெரிய முதலாளியிடமிருந்து மைத்துனரான சின்ன முதலாளிக்கு ஒரு கம்ப்யூட்டர் கடிதம்: 'காவலாளி குடித்துவிட்டு வந்து என்னை மிரட்டுகிறான். நாளை வேலையை விட்டு நீக்குகிறேன்.' ஐந்தரை மணிக்குத் திரும்பிய மைத்துனர், 'மாமா எங்கே, தேடு' என்று காவலாளியை அனுப்பினார். தாழ்வாரத்து லிஃப்ட் கிணற்றின் அடியில், மண்டை இரண்டாகப் பிளந்து, முதுகெலும்பு முறிந்து கிடந்தார் பெரிய முதலாளி. காவலாளி இறங்கி அவரை மார்போடு அணைத்துத் தூக்கினார். போலீஸ் வந்தபோது சட்டை முழுக்க ரத்தம்.

"டாக்டர் மூணுலேர்ந்து அஞ்சுக்குள்ளன்னு சொல்றார்" என்றார் இன்ஸ்பெக்டர். "நாலு நாற்பதுக்கு ஆள் உயிரோட இருந்து கடிதம் எழுதியிருக்கார். அப்ப கட்டடத்துல வேற யார் இருந்தா? அவன் ஒருத்தன்தான். இதுல தேட என்ன இருக்கு?"

"தேட ஒண்ணுமில்ல. ஒரு ரிப்பேர் இருக்கு" என்றார் சார்ட்டிங்கம்மா. "சொல்லும்மா, கடிதப் பெட்டிக்கு என்ன கோளாறு?"

திரை கறுப்பு. அதில் பச்சை எழுத்து மட்டும். படம் இல்லை, மவுஸ் இல்லை. கடிதம் திறப்பதும் மூடுவதும் அடுக்குவதும் ஒவ்வொரு விசையில்.

"பரீட்சை ரிசல்ட் ஒட்டின போர்டு மாதிரி இருக்கு" என்றான் கோந்து. "பாத்தாலே நான்தான் ஃபெயில்னு தோணுது."

"வரிசைதான் அம்மா கோளாறு" என்றாள் டைப்பிஸ்ட். "மூணு நாளா இப்படித்தான். காலைல திறந்தா கடிதம் எல்லாம் கலைஞ்சு கிடக்கு. மூணு பதினெட்டு, அதுக்குக் கீழ நாலு நாற்பது, அதுக்குக் கீழ திரும்பவும் மூணு முப்பத்தொண்ணு. மத்தியானம் வந்து பாத்தா தானா சரியாயிடுது. நாலு நாற்பது கடைசிக்குப் போயிடுது. மறுநாள் காலைல பழைய குருடி கதவைத் திறடிதான்."

"கிழட்டு மிஷின்" என்றார் சின்ன முதலாளி. "மாமாவோட சேத்து அதையும் புதைச்சிருக்கணும்."

அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார் சார்ட்டிங்கம்மா.

"இப்ப சரியா இருக்கு. நாலு நாற்பது கடைசியில."

"மூடிட்டுத் திற."

டைப்பிஸ்ட் ஒரு விசையைத் தட்டினாள். திரை இருண்டது. மறுபடி திறந்தாள். நாலு நாற்பது மேலே ஏறி, மூணு பதினெட்டுக்கும் மூணு முப்பத்தொன்றுக்கும் நடுவே, பதினேழாவது இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மிஷின் பிழை பண்ணலே" என்றார் சார்ட்டிங்கம்மா. "சொன்னதைச் செய்யுது. யார் என்ன சொல்லி வெச்சிருக்காங்கன்னு பாப்போம். அந்த அமைப்புக் கோப்பைத் திற. அடுக்கறதைப் பத்தி ஒரு வரி இருக்கும்."

டைப்பிஸ்ட் திறந்தாள். தேடினாள். வாய்விட்டுப் படித்தாள். "'வந்த வரிசையில் அடுக்கு.' அதுக்கு மேல முதலாளியே குறிப்பு எழுதி வெச்சிருக்கார். 'புகார் எழுதிய நேரத்தை நம்பாதே. நம் பெட்டிக்கு வந்த நேரத்தை நம்பு.'" அவள் நிமிர்ந்தாள். "ஆமா அம்மா. லிஃப்ட் நின்னு போச்சுன்னு எழுதறவங்கள்ல பாதிப் பேர் முந்திக்கணும்னு அவங்க கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிட்டு அனுப்புவாங்க. இன்னிக்கு எழுதிட்டு நேத்தே எழுதினேன்பாங்க. உள்ளே ஆள் மாட்டியிருக்கற லிஃப்ட் வரிசைல பின்னால போயிடும். ஒரு தடவை அப்படி ஒரு அம்மா மூச்சு முட்டிச் செத்தே போனாங்க. அதுலேர்ந்துதான் இந்த விதி."

"ஆக, கோப்புல இருக்கற வரி மாறலே. யாரோ தினமும் நடுவுல வந்து, கையால தேதி வரிசைக்கு மாத்தறாங்க. அந்த மாத்தம் பெட்டியை மூடற வரைக்கும்தான் நிக்கும். மறுநாள் நீ திறந்ததும் முதலாளியோட வரி திரும்ப வேலை செய்யும். அந்த ஆளுக்கு இது தெரியலே. ஒரு தடவை தட்டினா போதும்னு நெனச்சான். திரும்பத் திரும்ப தட்ட வேண்டியதாப் போச்சு."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். இரண்டே எட்டில் டைப்பிஸ்டின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி அவளை நாற்காலியிலிருந்து தூக்கினார். "யாரோ என்ன யாரோ. இந்த மிஷின் இவளுக்குத்தானே தெரியும்? அப்பனைக் காப்பாத்த கடிதத்தை மேலயும் கீழயும் நகர்த்தி விளையாடியிருக்கா. சாட்சியைக் கலைச்சதுக்கு அப்பன் பக்கத்துலயே உனக்கும் ஒரு ரூம் போடறேன்."

எலும்பு நெறிபட்டது. அவள் கத்தவில்லை, உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

கோந்து பெட்டியிலிருந்து எழுந்தான். "சார், கையை விடுங்க. எனக்கு மூக்குதான் போயிருக்கு. கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"விடுங்க" என்றார் சார்ட்டிங்கம்மா, குரலை உயர்த்தாமல். "கலைச்சவ எதுக்கு எங்கிட்ட வந்து கலைஞ்சிருக்குன்னு புகார் சொல்றா? முதல்ல பதினேழாவது கடிதத்தோட முழுத் தலைப்பையும் படிங்க. நீங்களே படிங்க."

இன்ஸ்பெக்டர் கையை உதறிவிட்டுத் திரையில் குனிந்தார்.

"தபால்ல ரெண்டு முத்திரை குத்துவோம்" என்றார் சார்ட்டிங்கம்மா. "அனுப்பற ஊர்ல ஒண்ணு, வந்து சேர்ற ஊர்ல ஒண்ணு. இதுலயும் அப்படித்தான். எழுதின நேரம்ங்கறது இந்த மேஜை மேல இருக்கற கம்ப்யூட்டரோட கடிகாரம் சொல்றது. அதை யார் வேணாலும் திருப்பலாம். வந்த நேரத்தைப் போடறது வேற எங்கேயோ இருக்கற கடிதக் கம்பெனி மிஷின். அதுக்கு நம்ம யாரையும் தெரியாது. பெரிய முதலாளி எதை எழுதினாலும் ஒரு பிரதி தானா இந்தப் பெட்டிக்கும் வந்து விழும். அந்தப் பிரதிக்கு வந்த நேரம் என்ன போட்டிருக்கு?"

இன்ஸ்பெக்டர் விரலை வரியின் மேல் வைத்து நகர்த்தினார். வெகுநேரம் நகர்த்தினார்.

"மூணு இருபத்திரண்டு."

"எழுதினது?"

"நாலு நாற்பது."

"எழுதறதுக்கு ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சு" என்றான் கோந்து. "எங்க தெரு தபால்காரர் இதைக் கேட்டா நெஞ்சைப் பிடிச்சுக்குவார்."

"கடிகாரம் கோளாறா இருக்கும்" என்றார் சின்ன முதலாளி. "அந்த மிஷின்ல பேட்டரி அவுட்."

"மூணு அஞ்சுக்கு முதலாளி இன்னொரு கடிதம் எழுதியிருக்கார். அதுல ரெண்டு நேரமும் சரியா இருக்கு. மறுநாள் காலைல இந்தப் பொண்ணு எழுதினதுலயும் சரியா இருக்கு. ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் கெட்டுப்போய், அடுத்த கடிதத்துக்குள்ள தானா திருந்திக்கற கடிகாரத்தை நான் பார்த்ததில்ல. அந்த மூணு அஞ்சு கடிதத்தையும் படிச்சுடுங்க இன்ஸ்பெக்டர். நீங்க கடைசிக் கடிதத்தை மட்டும்தான் பாத்தீங்க."

அது லிஃப்ட் பரிசோதனைத் துறைக்கு எழுதியது. போன மாதம் அடுக்குமாடி ஒன்றில் கம்பிக்கயிறு அறுந்து, லிஃப்ட் கூண்டோடு கீழே விழுந்த இரண்டு பேரை மண்வெட்டியால் அள்ள வேண்டியிருந்தது. அந்தக் கயிற்றின் சோதனைச் சான்றில் இருப்பது என் கையெழுத்து அல்ல, போட்டது யாரென்று நாளை நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார் பெரிய முதலாளி.

"இதை எழுதிட்டு அவர் உயிரோட இருந்தது அதிகபட்சம் கால் மணி நேரம்" என்றார் சார்ட்டிங்கம்மா. "மூணேகாலுக்கு இந்த மேஜைல உட்கார்ந்திருந்தவரை பின்னாலேர்ந்து ஸ்பேனரால அடிச்சிருக்காங்க. மூணு இருபத்திரண்டுக்கு, ரத்தம் சொட்டச் சொட்ட, அவர் நாற்காலில உட்கார்ந்து கடிகாரத்தைத் திருப்பி அவர் பேர்ல எழுதியிருக்காங்க. அப்புறம் காலைப் பிடிச்சு இழுத்துட்டுப்போய் கிணத்துல தள்ளியிருக்காங்க. அந்த நேரத்துல இந்தப் பொண்ணோட அப்பா பல் டாக்டர் நாற்காலில வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தார். ரசீதுல நேரம் இருக்கு. அழிச்சுடலாம்னா அந்தக் கடிதத்தை அழிக்கவும் முடியாது. காவலாளிக்குத் தூக்குக்கயிறே அதுதான். அதனால வரிசையை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தாங்க."

பெரிய முதலாளியின் மனைவி இப்போது சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி வரிசைக்கு மாத்த ரெண்டு விசை" என்று தொடர்ந்தார் சார்ட்டிங்கம்மா. "முதல்ல ஓ. அப்புறம் டி. இன்னிக்குக் காலைல இந்தப் பொண்ணை ஒரு கடிதமும் எழுத வேணாம்னு சொல்லிட்டு, அந்த ரெண்டு விசைலயும் முத்திரை மையைத் தடவி வெச்சேன். தபால் ஆபீஸ் ஊதா மை. மண்ணெண்ணெய்க்கும் போகாது, சோப்புக்கும் போகாது. நானே முப்பத்தொரு வருஷம் அதோடதான் சாப்பிட்டேன்."

கோந்து பஞ்சைப் பிடுங்கினான். "அதாவது, ஒருத்தன் வருவான்னு உங்களுக்குத் தெரியும். என்னைக் கதவுல நிறுத்தினது பொறியில தேங்காத்துண்டு வைக்கற மாதிரி. முன்னாடியே சொல்லியிருந்தா ஹெல்மெட்டாவது போட்டுட்டு வந்திருப்பேனே மேடம்."

"ஹெல்மெட்டைப் பாத்தா அவன் வந்திருக்க மாட்டான்."

இன்ஸ்பெக்டர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு டைப்பிஸ்டின் விரல்களை. கடைசியில் எல்லோருடைய கண்களும் அந்த இரண்டு வெள்ளைக் கட்டுகளில் போய் நின்றன.

"கம்பிக்கயிறு குத்திடுச்சு" என்றார் சின்ன முதலாளி. "சிலாம்பு. எங்க தொழில்ல தினம் நடக்கறது. வேணும்னா ஒர்க்‌ஷாப்புல யாரை வேணாலும் கேளுங்க."

"கேட்டேன். குத்தினா ஒரு கையில, பக்கத்துப் பக்கத்து விரல்ல குத்தும்னாங்க. உங்களுக்கு இடது கையில ஒண்ணு, வலது கையில ஒண்ணு."

டைப்பிஸ்ட் தன் கைகளை விசைப்பலகையின் மேல் தொடாமல் பரப்பினாள். அவளை அறியாமல் இரண்டு விரல்கள் மட்டும் நீண்டன.

"டி அடிக்கறது இடது நடுவிரல்" என்றாள் மெதுவாக. "ஓ அடிக்கறது வலது மோதிர விரல்."

"ஒத்தை விரலால கொத்தறவனா இருந்தா ஒரே விரல்தான் ஊதாவாகியிருக்கும்" என்றார் சார்ட்டிங்கம்மா. "இது பாடம் படிச்ச கை. இந்த ஊர்ல லிஃப்ட் மெக்கானிக் யார் டைப்ரைட்டிங் படிச்சான்னுதான் எனக்குத் தெரியலே."

"நான்தான் சேத்து விட்டேன்" என்றார் பெஞ்சின் இடது முனையில் இருந்தவர். நாலு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "ரெண்டு வருஷம். லோயரும் பாஸ், ஹையரும் பாஸ். ஆபீஸ் வேலைக்குப் போவான்னு நெனச்சேன்." அவர் எழுந்து தம்பியின் முன்னால் நின்றார். "கையை நீட்டுடா."

"அக்கா, இவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"நீட்டுடா."

சின்ன வயதில் அடி வாங்க நீட்டிய பழக்கமோ என்னவோ, கை தானாக நீண்டது. அக்கா கட்டை அவிழ்த்தார். துணி சதையோடு ஒட்டி வந்தது. விரல் நுனியில் தோல் இல்லை. அரத்தால் தேய்த்து எடுத்திருந்தார். உள்சதை பச்சையாகப் பிதுங்கியிருந்தது. ஆனால் அரம் போக முடியாத நகக்கண்ணில், மெல்லிய பிறை போல, ஊதா.

அடுத்து நடந்தது எல்லாம் அரை நிமிஷம்.

சின்ன முதலாளியின் கால் அக்காவின் வயிற்றில் இறங்கியது. அவர் சுருண்டு விழுமுன் ஸ்பேனர் பெட்டி திறந்து, முழங்கை நீள இரும்பு ஒன்று தம்பியின் கைக்கு வந்தது. முதல் அடி திரையில். கறுப்புக் கண்ணாடி சிதறிப் பொலபொலவென்று கொட்டியது. இரண்டாவது, லத்தியை ஓங்கிய இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டில். காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். மூன்றாவதைக் கோந்து தோளில் வாங்கிக்கொண்டு கதவோடு கதவாகச் சரிந்தான். டைப்பிஸ்டின் பின்னலை முறுக்கிப் பிடித்து, அவளைத் தரதரவென்று தாழ்வாரத்துக்கு இழுத்தார் சின்ன முதலாளி. லிஃப்ட் கிணற்றின் கம்பிக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். கீழே மூன்று மாடி இருட்டு.

"பக்கத்துல வந்தீங்க, இவளும் மாமா போன வழிதான்."

கோந்து பக்கத்தில் வந்தான். இடது தோள் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை தொங்கவில்லை. முதல் குத்து விலாவில், இரண்டாவது மறுபடியும் அதே விலாவில். மூன்றாவது தாடையில் விழுந்தபோது இரண்டு பற்கள் சுவரில் பட்டுத் தெறித்தன. பின்னல் பிடி விட்டது. டைப்பிஸ்ட் உருண்டு விலகினாள். சின்ன முதலாளி தடுமாறி, விழாமல் இருக்கக் கதவின் நிலைக்கம்பியைப் பற்றினார். உடம்பு பாதி கிணற்றுக்குள், கால் வெளியே. மற்ற கையில் இரும்பு இன்னும் இருந்தது. அதைக் கோந்துவின் மண்டைக்கு ஓங்கினார்.

கம்பிக் கதவு படாரென்று மூடிக்கொண்டது. பற்றியிருந்த மணிக்கட்டின் மேல். அலறல் கிணற்றில் இறங்கி, அடியைத் தொட்டுவிட்டு மேலே வந்தது. இரும்பு கீழே விழுந்து ஒலித்தது.

கதவைப் பிடித்திருந்தது அக்கா. வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் கதவின் மேல் முழு எடையையும் சாய்த்திருந்தார். "உன்னைக் கீழே விடமாட்டேன்" என்றார். "அவ்வளவு சுலபமா உன்னை விடமாட்டேன்."

ஐந்து மணிக்கு அறை ஓரளவு அடங்கியது. சின்ன முதலாளியை ஜன்னல் கம்பியோடு, உடையாத கையில் மட்டும் விலங்கு மாட்டிக் கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் மணிக்கட்டை லத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லத்திக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல வேலை அது என்றான் கோந்து. இந்தத் தடவை அவர் அதைக் கேட்காதது போல இருந்துவிட்டார்.

டைப்பிஸ்ட் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாம் போச்சே அம்மா. பதினேழாவது கடிதம் அதுலதானே இருந்தது."

"உடைஞ்சது கண்ணாடி. கடிதம் பெட்டில பத்திரமா இருக்கு. அது போதாதுன்னு காலைலயே அச்சடிச்சும் வெச்சுட்டேன்." சார்ட்டிங்கம்மா பையிலிருந்து நாலு தாள்களை எடுத்தார். வந்த வரிசையில் ஒன்று, தேதி வரிசையில் ஒன்று, பதினேழாவது கடிதத்தின் முழுத் தலைப்பு, மூணு அஞ்சு கடிதம். பல் மருத்துவரின் ரசீதையும் அதோடு சேர்த்துக் குத்தினார். பிறகு நீதிபதிக்கு எழுத ஆரம்பித்தார். யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் கையில் என்ன கட்டு என்று ஒன்றுவிடாமல் எழுதினார். ரத்தத்தைப் பற்றி ஒரே ஒரு வரி.

இன்ஸ்பெக்டர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். பெரிய முதலாளியின் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. 'குற்றவாளியின் அக்கா' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதற்கு மேலே 'இறந்தவரின் மனைவி' என்று எழுதி, வரிசையைச் சரி செய்தார்.

"நீயே கொண்டுபோ" என்றார் சார்ட்டிங்கம்மா டைப்பிஸ்டிடம். "கீழே கான்ஸ்டபிள் பைக் நிக்குது. இருபது நிமிஷ வழி."

உறையின் வாயை ஒட்டி, அரக்கை உருக்கி ஊற்றினார். கொதிக்கும் அரக்கு சிவப்பாகப் பரவி நின்றது. பழைய தபால் ஆபீஸ் முத்திரையை அதில் அழுத்தி, ஆறும்வரை எடுக்கவில்லை. உறையின் இடது மூலையில் எழுதினார்: அனுப்பிய நேரம், மாலை ஐந்து பதினெட்டு. வலது மூலையைக் காலியாக விட்டார்.

"அந்த இடம் அவங்களுக்கு. வாங்கினவங்க நேரம் போட்டு, சீல் வெச்சு, ரசீது கொடுக்காம நகராதே. எத்தனை பெரிய ஆபீசரா இருந்தாலும் சரி."

"சரிம்மா."

"வரும்போது அப்பாவுக்குக் கஞ்சி மாதிரி ஏதாவது வாங்கிக்கோ. மெல்ல முடியாது."

டைப்பிஸ்ட் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் லிஃப்ட் கதவைத் திரும்பிப் பார்க்காமல், படிக்கட்டில் இறங்கினாள். கீழே பைக் உறுமியது. கோந்து ஒற்றைத் தோளோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அஞ்சு பத்தொம்பது" என்றான். "கடிதம் கிளம்பியாச்சு."